விதி இரண்டு

தமிழில் 'விதி' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஒன்று, தலையில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படுவது. அதை எவரும் படித்ததில்லை. எவராலும் மாற்ற இயலாது என்பர். மற்றொன்று, தாளில் எழுதப்பட்டது. அதை எவரும் படிக்கலாம். பட்டறிவு வளர வளரத் திருத்தவும் செய்யலாம். முன்னதை நம்புவோர் தொகை பெரிது. பின்னதைப் படிப்போர் தொகை சிறிது. எந்த விதியை நம்புவது என்பது ஓய்வு நேரத்துப் பட்டிமன்றத் தலைப்பு என்று எண்ணிவிட வேண்டா. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பாரந்தூக்கியின் நிழலிலே நின்று பிழைக்கும் பாட்டாளிக்கு, அது அன்றாடம் எழும் உயிர்ச் சிக்கல்.

ஓசூரை அறியாதார் இலர். ஜூஜூவாடியைத் தாண்டிக் காலெடுத்து வைத்தால் கருநாடகத்து அத்திப்பள்ளி. 1971இல் தமிழ்நாட்டு அரசு நிறுவிய சிப்காட், இங்கே தொழில் வளாகம் கண்டது. கேழ்வரகு விளைந்த மண்ணிலே கடிகாரமும், சுமையுந்தும், இருசக்கர வண்டியும் விளையத் தொடங்கின. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று; 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று ஆலைகள் பரவின. ஆலை எழ வேண்டுமானால் தூண் நிற்க வேண்டும். தூண் நிற்க வேண்டுமானால் அதைத் தூக்கி நிறுத்தக் கிரேன் வர வேண்டும். கிருஷ்ணகிரிக் கருங்கல்லோ உலகச் சந்தையிலே பெயர் பெற்றது; பாளம் பாளமாக அறுத்தெடுக்கும் அந்தக் கல்லைக் குழியிலிருந்து மேலேற்றுவதும் பாரந்தூக்கியே.

நெடுஞ்சாலை ஓரத்திலே மஞ்சள் வண்ணம் பூசிக்கொண்டு, நீண்ட மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு, வாடகைக்கு ஆள் வரும்வரை வரிசையாக நிற்குமே, அந்த வண்டியை 'ஹைட்ரா' என்று ஊரே அழைக்கிறது. ஒரு நிறுவனம் தன் வண்டிக்கு இட்ட பெயர், அந்த இனத்துக்கே பெயராகிவிட்டது. சுமையைத் தூக்கியபடியே நடந்து செல்லும் வண்டி அது. மலிவானது, எளிதில் கிடைப்பது, குறுகிய இடத்திலும் நுழைவது. அதனாலேயே எதற்கும் அழைக்கப்படுவது. அழைக்கக் கூடாத வேலைக்கும் அழைக்கப்படுவது.

அப்படி ஒரு வண்டி சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கூடி நிற்கும் கூட்டத்திலே நாம் கேட்கக்கூடிய உரையாடல் இது.

"என்ன அண்ணே நடந்தது?"

"கிரேன் சாய்ந்துவிட்டதப்பா."

"ஏன் சாய்ந்தது?"

"நேரம் சரியில்லை. காலையிலேயே பூனை குறுக்கே போயிற்றாம்."

"எவ்வளவு பாரம் தூக்கினார்கள்?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

கவனித்தீர்களா, தோழர்களே! பூனை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போயிற்று என்பது தெரிந்திருக்கிறது. பாரம் எத்தனை டன் என்பது தெரியவில்லை. தெரிந்துகொள்ள முடியாததைத் தெரியும் என்கிறார்கள். தெரிந்தே ஆக வேண்டியதைத் தெரியாது என்கிறார்கள். இந்தத் தலைகீழ்ப் பாடத்தைத்தான் நாம் மூடநம்பிக்கை என்கிறோம். ஒரு பூனை குறுக்கே போனதாக ஒருவன் நம்புவதால் மட்டும் உலகம் கெட்டுவிடாது. பூனையைப் பேசியதும் பாரத்தைக் கேட்கும் கேள்வி செத்துப்போகிறதே, அங்கேதான் கேடு பிறக்கிறது.

கிரேன் சாய்வதற்குக் காரணம் தேட நாம் விண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. நம் பாட்டன் இறைத்த ஏற்றத்தைப் பார்த்தால் போதும். துலாவின் ஒரு முனையிலே சால். மறு முனையிலே மிதிப்பவன். அவன் நுனியை நோக்கி நடந்தால் துலா தாழும். அச்சை நோக்கித் திரும்பினால் உயரும். அவன் எடை மாறவில்லை. நின்ற இடம் மாறிற்று. பாரம் எவ்வளவு என்பது பாதிக் கேள்வி. எவ்வளவு தொலைவில் என்பது மீதிக் கேள்வி. எழுத்தறியா உழவன் காலால் அறிந்து வைத்திருந்த கணக்கு இது.

பாரந்தூக்கியும் அந்தத் துலாவே. "இது பன்னிரண்டு டன் வண்டி" என்கிறார்கள். எத்தனை மீட்டரில் பன்னிரண்டு டன் என்று கேட்பவர் எத்தனை பேர்? சுழல் மையத்திலிருந்து 3 மீட்டர் தொலைவில் 12 டன் தூக்கும் வண்டி, 9 மீட்டர் தொலைவில் தூக்கக்கூடியது, வெறும் நெம்புகோல் கணக்குப்படியே 4 டன்தான். நீட்டிய கையின் சொந்த எடையைக் கழித்தால் அதனினும் குறைவு. விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது மிகக் குறுகிய தொலைவுக்குரிய எண். உண்மை, ஓட்டுநர் அறையிலே ஒட்டப்பட்டிருக்கும் சுமை அட்டவணையிலே சிறிய எழுத்தில் இருக்கிறது. அந்த அட்டவணையின் மேலேயே படத்தை ஒட்டி மாலையைத் தொங்கவிட்டால், எதை வணங்குகிறோம், எதை மறைக்கிறோம் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

பாரத்தின் எடையையாவது சரியாக அறிகிறோமா? கண்ணளவு என்கிறார்கள். 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரமுள்ள கருங்கல் பாளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கன அளவு 6.75 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறத்தாழ 2.7 டன். ஆகவே அந்தப் பாளம் 18 டன்னுக்கு மேல். "பத்துப் பன்னிரண்டு இருக்கும்" என்று கண் சொல்லும். அளவுநாடாவும் பெருக்கல் வாய்பாடும் அந்தக் கண்ணைத் திருத்தும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஓர் உயிரைக் காக்குமென்றால், அதைப் போடாமல் விட்டதற்கு எந்தக் கோளின் மீது பழி போடுவது?

கட்டும் கயிற்றிலும் இதே கணக்கு உண்டு. ஒரு டன் பாரத்தை இரண்டு கால் ஸ்லிங்கால் தூக்குகிறோம். கால்கள் கிடைமட்டத்தோடு 60 பாகையில் நின்றால், ஒவ்வொன்றும் தாங்குவது ஏறத்தாழ 580 கிலோ. 45 பாகைக்குச் சரிந்தால் 710 கிலோ. 30 பாகைக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலும் முழுதாக 1,000 கிலோ தாங்க வேண்டும்! பாரம் அதேதான், கயிறும் அதேதான். கோணம் மாறிற்று, இழுப்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காயிற்று. கயிறு அறுந்தபின் "நேற்று தாங்கிற்றே, இன்று ஏன் அறுந்தது?" என்று வியப்போர், நேற்றைய கோணத்தைக் கேட்பதில்லை.

வள்ளுவர் பொருட்பாலிலே ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார்: தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல். மன்னனுக்குச் சொன்னவை அவை. புராணத்திலே வானூர்தி இருந்தது என்று மேடையேறுவோர் போல, குறளிலே கிரேன் இருக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. அச்சமின்றி எண்ணும் அறிவு எந்தக் காலத்திலும் ஒரே வகைக் கேள்விகளைத்தான் கேட்கிறது என்பதையே சொல்ல வருகிறோம்.

செய்யுமுன் எண்ணினாயா என்பது முதல் கேள்வி. எதை, எங்கிருந்து, எங்கே, எந்த வழியாகத் தூக்குவது என்பது தாளில் வரையப்பட வேண்டும். உன் வலி எவ்வளவு என்பது இரண்டாவது. மயிலிறகேயாயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற கருத்தும், கிளை நுனிவரை ஏறியவன் அதற்கப்பாலும் ஏற முயன்றால் உயிருக்கே இறுதி என்ற கருத்தும் அந்த வலியறிதல் அதிகாரத்திலேதான் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று பாரத்தின் எச்சரிக்கை. மற்றொன்று தொலைவின் எச்சரிக்கை.

காலம் பார்த்தாயா என்பது மூன்றாவது. இராகு காலத்தையன்று, காற்றைப் பார்த்தாயா என்று கேட்கிறோம். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அகன்ற தகரக் கூரைப் பலகையைத் தூக்கும்போது, எடை சிறிதாயினும் அது பாய்மரமாகிவிடும். நல்ல நேரம் குறித்துக் கொடுக்கும் பஞ்சாங்கத்திலே காற்றின் வேகம் அச்சிடப்பட்டிருப்பதில்லை.

இடம் பார்த்தாயா என்பது நான்காவது. வாஸ்து பார்த்து வாசலை மாற்றுவோர் உண்டு. கிரேனின் காலுக்கடியில் மண்ணைப் பார்ப்போர் சிலரே. நேற்றுத் தோண்டி மூடிய குழாய்ப் பள்ளம் மேலே பார்க்கத் தரையைப் போலவே இருக்கும். 'அவுட்ரிகர்' எனப்படும் பக்கவாட்டுக் கால் ஒன்றின் மேல் 20 டன் அழுத்தம் விழுவதாகக் கொள்வோம். அடித்தட்டு 40 சென்டிமீட்டர் சதுரமானால், மண் தாங்க வேண்டியது சதுர மீட்டருக்கு 125 டன். அதே காலுக்கடியில் ஒரு மீட்டர் சதுரத்துக்கு அழுத்தமான சிலிப்பர் கட்டைகளை அடுக்கினால் 20 டன்தான். கட்டை அடுக்கக் கால் மணி நேரமாகும். அந்தக் கால் மணி நேரத்தைச் சேமித்துத்தான் சிலர் வாழ்நாளையே இழக்கிறார்கள். தலைக்கு மேலும் இடம் பார்க்க வேண்டும்: அங்கே மின்கம்பி ஓடும். 50,000 வோல்ட் வரையிலான கம்பிக்குக் குறைந்தது 10 அடி விலகி நில் என்கிறது அமெரிக்க நாட்டு விதி.

ஆளைத் தேர்ந்து தெளிந்தாயா என்பது ஐந்தாவது. சாலையில் வண்டி ஓட்டும் உரிமம் இருப்பவனெல்லாம் பாரம் தூக்கத் தெரிந்தவன் ஆகான். கயிறு கட்டுபவனும், கைகாட்டுபவனும் பயின்றவனாக இருக்க வேண்டும். "பையன் பிடித்துக்கொள்வான்" என்று நேற்று ஊரிலிருந்து வந்தவனை ஆடும் சுமைக்குப் பக்கத்தில் நடக்கவிடுவது, வேலை கொடுப்பதாகாது, பலி கொடுப்பதாகும்.

இவை கற்பனை அச்சங்களா? இல்லை என்று நாட்டு நடப்பு சொல்கிறது. 2020 பிப்ரவரி 19ஆம் நாள், பூந்தமல்லிக்கு அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்புக்காக விளக்குகளைத் தாங்கி நின்ற கிரேன் சாய்ந்தது, மூவர் மாண்டனர். அதே ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் விசாகப்பட்டினம் கப்பல் கட்டும் தளத்தில், சோதனை ஓட்டத்தின்போதே பெரும் பாரந்தூக்கி சரிந்து பதினொருவர் உயிரைப் பறித்தது. 2023 ஆகஸ்டு முதல் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், மகாராட்டிரத்துச் சகாபூர் அருகே சம்ருத்தி விரைவுச்சாலைப் பாலத்தில் உத்தரம் ஏற்றும் எந்திரம் வீழ்ந்தது, இருபதின்மர் மடிந்தனர். எந்திரத்தின் வகை வேறு. ஆனால் மடிந்தவருள் ஒருவர் நம் கிருஷ்ணகிரியைச் சேர்ந்தவர். இந்த மாவட்டத்தின் வாசலுக்கு எங்கோ நடந்த செய்தியாக அது வரவில்லை, சவப்பெட்டியாக வந்தது.

2023 சனவரி 22ஆம் நாள் அரக்கோணத்தை அடுத்த கீழ்வீதி ஊரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அம்மன் கோயில் திருவிழா. மாலைகளை வாங்கிச் சிலைக்குச் சாத்துவதற்காகக் கிரேனிலே ஆட்களை ஏற்றினார்கள். கூட்டத்துக்கு நடுவே கிரேன் சாய்ந்தது; நால்வர் உயிர் போயிற்று. பொருளைத் தூக்கப் பிறந்த எந்திரம் அது. அதற்கென்று வடிவமைத்த கூடையும் தனி ஏற்பாடும் இல்லாமல் மனிதரைத் தூக்குவதற்கு அது உரியதன்று. அங்கே பக்தி குறைவாயிருந்தது என்று எவராவது சொல்ல முடியுமா? மாலை இருந்தது, மேளம் இருந்தது, கைகூப்பிய மக்கள் இருந்தனர். இறந்தோரின் பக்தியை நாம் எள்ளவில்லை, அவர்களுக்காக வருந்துகிறோம். நிலையியல் விதி பக்தனுக்கொரு நீதி, பகுத்தறிவாளனுக்கொரு நீதி என்று பிரித்துப் பார்ப்பதில்லை. நாத்திகன் சாய்த்தாலும் அந்தக் கிரேன் சாயும். அதைத்தான் நினைவூட்டுகிறோம்.

இந்த வழக்கு மதத்துக்கு மதம் மாறுவதுமில்லை. 2015 செப்டம்பர் 11ஆம் நாள், மெக்காப் பெரும் பள்ளிவாசலின் விரிவாக்கப் பணியில் நின்ற மாபெரும் கிரேன், சூறைக்காற்றில் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதை இறைவன் செயல் என்று கட்டுமானப் பொறியாளர் ஒருவர் கூறியதாகச் செய்தி வந்தது. ஆனால் சவூதி அரசு அமைத்த விசாரணைக் குழு அந்தப் பதிலோடு நிறைவு கொள்ளவில்லை. கிரேன் தவறான நிலையில் நிறுத்தப்பட்டிருந்தது. வேலையில்லாத வேளையில் அதன் கையைத் தாழ்த்தி வைக்க வேண்டும் என்ற உற்பத்தியாளர் அறிவுரை பின்பற்றப்படவில்லை என்று அது சொல்லிற்று. இறை நம்பிக்கையையே அடித்தளமாகக் கொண்ட அரசு, 'இறைவன் செயல்' என்ற விடையைத் தாண்டி விதிமுறை நூலைத் திறந்து பார்த்தது! நம் ஊர்ப் பெரியவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு விதி என்ற சொல்லாவது ஆறுதல் தருகிறதே! அதையும் பறிக்கப் பார்க்கிறீர்களே?" நல்ல கேள்வி, அலட்சியம் செய்யத் தக்கதன்று. மகனை இழந்தவள் மார்பிலடித்துக்கொண்டு "விதியே!" என்று கதறும்போது, அவளோடு வாதாட எந்தப் பகுத்தறிவாளனும் போகமாட்டான். போகிறவன் பகுத்தறிவாளனுமல்லன், மனிதனுமல்லன். அவள் வாயில் அந்தச் சொல் அழுகையின் ஒலி. ஆனால் அதே சொல்லை ஒப்பந்தக்காரர் உச்சரிக்கும்போது அது என்னவாகிறது? "என்னம்மா செய்வது, எல்லாம் விதி" என்று அவர் சொல்லும்போது, சுமை அட்டவணை மறைகிறது. தேய்ந்த கயிறு மறைகிறது. அடுக்காத கட்டை மறைகிறது. தாய் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் துயரம். பொறுப்புள்ளவர் அவளுக்குச் சொன்னால் அது விடுதலைத் தீர்ப்பு, அவருக்கு அவரே வழங்கிக்கொண்டது! ஒரே சொல், சொல்பவர் மாறினால் அறம் மாறுகிறது.

அந்தத் தாய்க்கு உண்மையான ஆறுதல் எதிலே இருக்கிறது? ஏன் இறந்தான் என்று அவளுக்கு மறைக்காமல் சொல்வதிலே. உரிய இழப்பீட்டை அலையவிடாமல் கொடுப்பதிலே. இன்னொருத்தியின் மகன் அதே காரணத்தால் சாகாதபடி செய்துவிட்டோம் என்று அவள் முன் நின்று சொல்லக்கூடிய நிலையிலே.

பழைய விதிக்குத் தம்பி ஒருவன் இப்போது பிறந்திருக்கிறான்; ஆங்கிலம் படித்தவன். 'மனிதத் தவறு' என்பது அவன் பெயர். விபத்து நடந்ததும் ஓட்டுநரைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் இறந்திருந்தால் இன்னும் வசதி. "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். பார்ப்பதற்கு அறிவியல் போலத் தோன்றுகிறது; உள்ளே இருப்பது பழைய தலையெழுத்தே. கேள்வியை முடித்துவைப்பதுதான் இரண்டுக்கும் தொழில். அவர் எத்தனை மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தார்? எடையை அவருக்கு யார் சொன்னார்கள்? அளவு மீறினால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியின் கம்பியைக் கழற்றிவிடச் சொன்னது யார்? வாடகை நேரம் ஓடுகிறதே என்று விரட்டியது யார்? இவற்றுக்கு விடை காணாமல் ஓட்டுநரை மட்டும் குற்றவாளியாக்குவது, அம்பை நொந்து எய்தவனை வாழ்த்துவதாகும். ஓட்டுநர் தவறே செய்யார் என்று நாம் வாதாடவில்லை. மனிதன் தவறக்கூடியவன் என்பதை முன்னமே அறிந்து, ஒரு தவறு ஓர் உயிரைக் குடிக்காதபடி ஏற்பாடு செய்யும் கடமை மேலிருப்போருடையது என்கிறோம்.

சட்டம் இதை அறியாததன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவே, தூக்கும் எந்திரத்தில் அதன் பாதுகாப்பான சுமையளவைத் தெளிவாகப் பொறிக்க வேண்டும், அதற்கு மேல் ஏற்றக் கூடாது, பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையேனும் தகுதியுடையவர் முழுமையாய் ஆய்வு செய்ய வேண்டும் என்றெல்லாம் சொல்லிற்று. 1996இல் கட்டடத் தொழிலாளருக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 2020இல் இவற்றையெல்லாம் ஒன்றாக்கித் தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இயற்றப்பட்டது. ஏட்டிலே குறைவில்லை. ஆனால் சான்றிதழைக் கேட்டுப் பார்க்கும் தொழிலாளி எங்கே? கேட்டால் "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று சொல்லாத மேற்பார்வையாளர் எங்கே? சட்டத்தின் உயிர், அதைக் கேட்கத் துணிந்தவன் நாவிலே இருக்கிறது.

இந்த இடத்திலேதான் பாரந்தூக்கித் தொழிலின் ஒரு விதியை நம் இளைஞர்கள் உற்று நோக்க வேண்டும் என விரும்புகிறோம். கிரேனுக்குக் கைகாட்டுபவர் ஒருவரே. தூக்கு, இறக்கு, திருப்பு என்று கட்டளையிட அவர் ஒருவருக்கே உரிமை. பத்துப் பேர் கைகாட்டினால் பாரம் எங்கே போகும் என்று எவரும் அறியார். ஆனால் ஒரே ஒரு சைகைக்கு மட்டும் விலக்கு உண்டு. 'நிறுத்து' என்னும் சைகையை அங்குள்ள எவரும் காட்டலாம். யார் காட்டினாலும் ஓட்டுநர் அக்கணமே நிறுத்த வேண்டும். பொறியாளர் காட்டினால்தான் செல்லும் என்பதில்லை; சாந்துச் சட்டி சுமக்கும் பெண் காட்டினாலும் செல்லும்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பிறப்பாலும் பணத்தாலும் பதவியாலும் மேல் கீழ் பார்த்துப் பழகிய நாட்டிலே, கடைசியில் நிற்பவள் கை உயர்த்தினால் நூறு குதிரைத் திறன் கொண்ட எந்திரம் நின்றுவிட வேண்டும் என்று ஒரு விதி! இதைவிட எளிய சமத்துவப் பாடம் வேறென்ன வேண்டும்? ஆபத்தை முதலில் காண்பவர் பெரும்பாலும் கீழே நிற்பவரே. மண் அமிழ்வதை அவர் காலறியும், கயிறு நைவதை அவர் கண்ணறியும். அறிந்தவருக்குப் பேசும் உரிமை இல்லையேல், அந்த அறிவு அவரோடே புதையுண்டு போகும். "பெரியவர்கள் பேசும்போது நீ யார்?" என்று கேட்டுப் பழகிய சமுதாயம், வேலைத்தளத்திலே அந்தக் கேள்வியைக் கேட்கும்போது கொலைக்குத் துணைபோகிறது.

எல்லைப் பகுதிக்கு இன்னொரு கடமையும் உண்டு. ஓசூர் வேலைத்தளத்திலே தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒலிக்கின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த உழைப்பாளிகளின் மொழிகளும் கலக்கின்றன. பாதுகாப்பு அறிவிப்போ, பலவிடங்களில் அவர்களுள் எவரும் படியாத ஆங்கிலத்திலே பளபளக்கிறது! எச்சரிக்கை என்பது எழுதியவனின் மனநிறைவுக்காக அன்று. ஆபத்தில் நிற்பவன் அறிவதற்காக. அவன் மொழியில் சொல்லாத எச்சரிக்கை சொல்லாத எச்சரிக்கையே. வந்தவன் எம்மொழியினனாயினும் நம் மண்ணிலே நசுங்கிச் சாகும்போது, அவனுக்காகக் கேள்வி கேட்பது நம் கடமை. பாரம் விழும்போது பிறந்த மாநிலம் கேட்டு விழுவதில்லை.

"இவ்வளவும் பார்த்தால் வேலை நடக்குமா? செலவு தாங்குமா?" என்பது முதலாளியின் கேள்வி. நேர்மையாகவே பதில் சொல்வோம். செலவு ஆகும், நேரமும் ஆகும். கட்டை வாங்க வேண்டும், பயிற்சி தர வேண்டும், காற்றடித்தால் காத்திருக்க வேண்டும், பெரிய வண்டியை வாடகைக்கு எடுக்க வேண்டும். ஆனால் அந்தச் செலவைச் செய்யாவிட்டால் அது மறைந்துவிடுகிறதா? இல்லை. ஆலையின் கணக்கிலிருந்து அழிந்து ஒரு குடிசையின் கணக்கிலே ஏறுகிறது. தந்தையை இழந்த குழந்தை பள்ளியை விட்டு நிற்கிறதே, அதுதான் அடுக்காத கட்டையின் விலை. தன் ஆதாயத்துக்காகத் தான் ஏற்க வேண்டிய செலவை, சம்மதம் கேட்காமல் மற்றவன் தலையில் கட்டுவதற்கு அறநூல் என்ன பெயர் வைத்திருக்கிறது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆயுத பூசை நாளில் கிரேனுக்குப் பொட்டிட்டு, வாழைக் கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். கருவியை மதிக்கும் உள்ளத்தை நாம் பழிக்கவில்லை. உழைப்பவன் தன் கருவியை நேசிப்பது இயல்பு. அந்த நேசம் சரியான வடிவம் பெறட்டும் என்கிறோம். பொட்டிடும் அதே கையால் இரும்புக் கயிற்றைத் தடவி, அறுந்த இழைகளை எண்ணட்டும், கொக்கியின் தாழ்ப்பாள் சரியாக மூடுகிறதா என்று பார்க்கட்டும், தடையைச் சோதிக்கட்டும். ஆண்டுக்கு ஒரு நாளன்று, நாள்தோறும் வேலை தொடங்குமுன் செய்யட்டும். பழத்தை நசுக்கிய சக்கரம் மனிதனைக் கண்டால் மனமிரங்கி நின்றுவிடாது.

இளைஞர்களே! உங்களில் பலர் அந்த ஆலைகளிலே வேலை செய்கிறீர்கள், சிலர் கட்டடங்களிலே. உங்களிடம் நாம் பெரிய தியாகம் எதையும் கேட்கவில்லை. பாரத்தின் எடை என்ன, தொலைவு எவ்வளவு, தரை எத்தகையது, காற்று எப்படி, ஆள் பயின்றவனா என்று ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். படிப்பகத்திலே பத்துப் பேர் கூடினால் சுமை அட்டவணை ஒன்றைச் சுவரில் மாட்டிப் படித்துக் காட்டுங்கள். தொங்கும் பாரத்துக்கடியில் எவர் நின்றாலும் கைபிடித்து இழுத்து வாருங்கள். கேள்வி கேட்டதற்காக ஒருவன் வேலையிழந்தால், அவன் தனியாக நிற்காதபடி சங்கமாகச் சேர்ந்து நில்லுங்கள். பகுத்தறிவு மேடையிலே கைதட்டல் வாங்குவது எளிது. மேற்பார்வையாளர் முறைக்கும்போது "கட்டை போடாமல் தூக்கக் கூடாது" என்று சொல்வது அரிது. அந்த அரிய இடத்திலேதான் அதன் மெய்யான சோதனை இருக்கிறது.

தலையிலே எழுதியதாகச் சொல்லும் விதியை எவரும் கண்டதில்லை. தாளிலே எழுதிய விதி, ஓட்டுநர் அறையிலே, கைக்கெட்டும் தொலைவிலே இருக்கிறது. அதைப் படியுங்கள், பக்கத்தில் நிற்பவனுக்கும் படித்துக் காட்டுங்கள். அப்புறமும் பாரம் தவறாக உயர்ந்தால், கையை உயர்த்துங்கள். நிறுத்துவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.